ஆறு மாதம் லண்டன், ரியல் ஏல் பப்களைத் தேடிப் போக ஆசை: எங்கே தொடங்குவது?

காலிவீதிக்காற்று:

அடுத்த மாதம் ஆபீஸ் என்னை ஆறு மாதத்துக்கு லண்டனுக்கு அனுப்புகிறது. தங்கப்போவது ஈஸ்ட்ஹாமில், மனைவியின் தம்பி வீட்டில். சனி ஞாயிறு முழுக்க மச்சானோடு இருந்து டிவி பார்க்க முடியாது, அவனுக்கும் அது கரைச்சல்தான். அதனால் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறேன்: முடிந்த அளவு ரியல் ஏல் (பீப்பாய்க்குள்ளேயே நொதித்து வருகிற பிரிட்டிஷ் பியர்) விற்கிற பப்களுக்குப் போய், ஒவ்வொன்றையும் பற்றி ஒரு கொப்பியில் எழுதி வைப்பது. புது ஊருக்குப் போனால் இப்படி ஏதாவது ஒன்றைத் துரத்திக்கொண்டு திரிந்தால்தான் எனக்கு ஊர் பிடிபடும்.

நான் பெரிய குடிகாரன் இல்லை. எப்போதாவது நண்பர்களோடு பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு பாரில் இருந்து, டெவல் கோழியும் கடலையும் வைத்துக்கொண்டு, பல் கூசக் குளிர்ந்த லயன் லாகர் ஒன்றோ இரண்டோ, அவ்வளவுதான். ஏல் என்ற சாமானை வாயில் வைத்ததே கிடையாது. கேள்விப்பட்டதெல்லாம் அது சூடாக, நுரை இல்லாமல், செத்துப்போய் இருக்கும் என்றுதான். உண்மையா?

இன்னொன்று, இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமையில் மச்சம் தொடமாட்டேன். அந்த பியரைத் தெளிய வைக்க மீனிலிருந்து எடுத்த ஏதோ ஒன்றைப் போடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அங்கே ஆபீஸ் ஆட்கள் பப்புக்குப் போவதும் வெள்ளிக்கிழமைதானாம். என்ன செய்வது?

எத்தனை பப் என்று இலக்கு வைக்கலாம், தனியாகப் போய் இருந்தால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களா, காசு எவ்வளவு போகும், இதெல்லாம் போய் வந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


சோடாமட்டும்:

போய் வந்தவன் நான், ஆனால் குடிப்பதில்லை. நண்பர்களோடு லைம் சோடா குடித்துக்கொண்டு பப்பில் நிறைய நேரம் இருந்திருக்கிறேன். ஒருவரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள். நம்முடைய பார்களை மனதில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். இங்கே பார் என்றால் கறுப்புக் கண்ணாடிக் கதவு, உள்ளே இருட்டு, தெரிந்தவர் யாரும் காணமுதல் உள்ளே பாய்ந்துவிட வேண்டும். அங்கே ஞாயிறு மத்தியானம் பாட்டி, பேரன், நாய் எல்லாம் ஒரே மேசையில் இருந்து சாப்பிடும். தனியாகப் போனால் ஒரு பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு ஒரு கிளாஸோடு ஒரு மணித்தியாலம் இருக்கலாம், யாரும் எழும்பச் சொல்ல மாட்டார்கள்.

இலக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் சுகாதார ஆலோசனை வாரத்துக்கு 14 யூனிட் மதுசாரத்துக்கு மேல் வேண்டாம் என்பது, 2016 முதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. 4 வீத பியர் ஒரு பைன்ட் என்றால் 568 மில்லிலீற்றர், அது ஏறக்குறைய 2.3 யூனிட். ஆக வாரம் முழுவதற்கும் ஆறு பைன்ட். கின்னஸ் சாதனைக்காரர் ப்ரூஸ் மாஸ்டர்ஸ் 1960இல் தொடங்கி 46,000க்கும் மேற்பட்ட பப், பார்களுக்குப் போனவர் என்று பதிவு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு நீங்களும் ஓடத் தொடங்காதீர்கள், அவருக்கு அரை நூற்றாண்டு கிடைத்தது, உங்களுக்கு ஆறு மாதம்.


முன்னாள்_நிலவறை:

படிக்கப் போன காலத்தில் லண்டனில் ஒரு பப்பில் பகுதிநேர வேலை செய்தேன். பெரும்பாலும் கீழே நிலவறையில்தான். அதனால் இது என் பாடம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சூடு. சூடாகத் தருவதில்லை. நிலவறையை 11 முதல் 13 பாகை செல்சியஸில் வைத்திருப்பார்கள், பியரும் அதே குளிரில்தான் மேலே வரும். கொழும்பில் 30 பாகை வெயிலிலிருந்து வந்து ஃப்ரிட்ஜில் மரத்துப்போன போத்தலைப் பிடிக்கிறவனுக்கு அது சூடாகத் தெரியும், அவ்வளவுதான். பற்கள் மரத்துப்போகிற குளிரில் நாக்குக்கு ஒன்றும் பிடிபடாது. லாகருக்கு அது பரவாயில்லை, ஏலுக்குக் கூடாது. கூதிர் காலத்து மழையில் நனைந்து உள்ளே போய் ஒரு பிட்டர் (கசப்பான ஏல் வகை) குடித்துப் பாருங்கள், ஏன் அந்த அளவு குளிர் போதும் என்று உங்களுக்கே விளங்கும்.

நுரை இல்லை, காற்று இல்லை என்பதும் அரை உண்மை. லாகரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டை (நொதிக்க வைக்கிற நுண்ணுயிரை) கொன்று, வாயுவை அழுத்தி ஏற்றி அனுப்புவார்கள். ரியல் ஏலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பீப்பாய் பப்புக்கு வந்து சேர்ந்த பிறகும் உள்ளே நொதித்துக்கொண்டே இருக்கும், அந்த நொதிப்பில் வருகிற வாயு மட்டும்தான் அதற்கு. நம்முடைய கள்ளுக்கு இருக்கிற மாதிரி ஒரு மெல்லிய சுரசுரப்பு, சோடா மாதிரிக் குத்தாது.

பீப்பாய் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், இதுதான் நீங்கள் பப்பைத் தெரிவு செய்வதற்குத் திறப்பு. வழமையான அளவு ஃபர்கின், 9 கலன், அதாவது 72 பைன்ட். அதைத் தாங்கு சட்டத்தில் கிடையாகப் படுக்க வைத்து, அசையாமல் ஆப்பு வைப்போம். வயிற்றின் மேல் பக்கத்தில் ஒரு அடைப்பு இருக்கும், அதன் நடுவில் காற்றுப் புகக்கூடிய மென்மையான மர ஆணி ஒன்றை அடித்து இறக்கவேண்டும். அடித்த உடனே சீறிக்கொண்டு நுரை கக்கும், முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் உங்கள் பாடு. மேலதிக வாயு போய் நுரை அடங்கியதும் அந்த ஆணியைப் பிடுங்கிவிட்டுக் கடினமான மர ஆணியைப் போடுவோம், மிச்ச வாயு உள்ளேயே நிற்கட்டும் என்று. பிறகு முன்பக்க அடைப்பில் குழாயை மரச் சுத்தியலால் ஒரே போடாகப் போடவேண்டும். இரண்டு மூன்று தட்டு என்றால் நிலம் முழுக்க பியர். பிறகு வண்டல் அடியில் இறங்கும் வரை ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள் சும்மா விட வேண்டும்.

விற்கத் தொடங்கினால் கதை வேறு. ஒவ்வொரு பைன்ட் மேலே போகும்போதும் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வரும். காற்றுப் பட்ட ஏல் மூன்று நாளுக்கு மேல் நல்லாயிருக்காது, முதலில் மந்தமாகும், பிறகு புளிக்கும். ஆக 72 பைன்டை மூன்று நாளில் விற்க முடிகிற பப்பில்தான் நல்ல ரியல் ஏல் கிடைக்கும். வடிவான கட்டடம், பழைய மரம், நிலவறையிலிருந்து ஏலை மேலே இழுக்கிற கைப்பம்பு பத்து வரிசையாக நிற்கிறது, ஆனால் உள்ளே ஆட்கள் இல்லை என்றால் கவனம். இரண்டே இரண்டு பம்பு வைத்துக்கொண்டு எந்த நேரமும் சனமாக இருக்கிற மூலைக் கடை பெரும்பாலும் மேல்.

அதே காரணத்துக்காக, கடை திறந்ததும் முதல் ஆளாகப் போகாதீர்கள். இரவு முழுக்கக் குழாய்க்குள் நின்ற பியரை இழுத்து ஊற்றிவிட்டுத்தான் நல்ல கடையில் தருவார்கள், எல்லாக் கடையும் நல்ல கடை இல்லை. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு போவது உத்தமம்.

மீன் விஷயம் உண்மைதான், சிரிக்க ஒன்றும் இல்லை. ஐசின்கிளாஸ் என்று பெயர், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ஈஸ்ட்டை இழுத்துக்கொண்டு பீப்பாயின் அடிக்குப் போய்விடும், கிளாஸுக்குள் வருவது இல்லை என்கிற அளவுதான், ஆனாலும் சைவம் என்று சொல்ல ஏலாது. இப்போது ஐசின்கிளாஸ் போடாமல் கலங்கலாகவே விடுகிற மதுவடிப்பாளர்கள் நிறைய வந்துவிட்டார்கள். பம்பின் முன்னால் தொங்குகிற அட்டையில் வீகன் என்றோ அன்ஃபைன்ட் (தெளிய வைக்காதது) என்றோ போட்டிருப்பார்கள், போடாவிட்டால் கவுண்டரில் கேளுங்கள், எத்தனையோ பேர் கேட்கிற கேள்விதான் அது. வெள்ளிக்கிழமைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.


பனையடி:

உயிரோடு இருக்கிற ஈஸ்ட், மூன்று நாளில் புளிப்பு, வடிகட்டாமல் கலங்கலாக. அட, இதற்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து லண்டனில் குடிக்க வேண்டுமா? யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறி ஒவ்வொரு தவறணையாகப் போனால் முடிந்தது. பனங்கள்ளு மூன்று நாள் கூடத் தாங்காது, காலையில் இறக்கினால் பின்னேரம் வேறு சாமான், அடுத்த நாள் வினாகிரி. உங்கள் அளவுகோலின்படி உலகத்திலேயே அதுதான் ரியல். யாராவது ஊர் ஊராகப் போய் இதை எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லை. வெள்ளைக்காரன் சாமான் என்றால் மட்டும் கொப்பி, பேனை, இலக்கு.


முன்னாள்_நிலவறை:

பனையடி அண்ணை, நீங்கள் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். ஆனால் அவர்களுடையதும் தானாக நிற்கவில்லை. 60களில் பெரிய கம்பனிகள் எல்லாப் பப்பிலும் வாயு ஏற்றிய கெக் பியரைக் கொண்டுவந்து நிரப்பி, கைப்பம்புகளைக் கழற்றி எறிந்துகொண்டிருந்தார்கள். 1971இல் அயர்லாந்துக்கு விடுமுறையில் போன நாலு இளைஞர்கள் ஒரு பாரில் இருந்து கதைத்துத் தொடங்கியதுதான் ரியல் ஏலைக் காப்பாற்றுகிற காம்ரா இயக்கம். அவர்கள் 1974இல் அச்சிட்ட முதல் குட் பியர் கைட் என்ற பப் வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு பெரிய கம்பனியின் பியரைப் பற்றிக் கொள்ளைநோய் மாதிரித் தவிர்க்கவும் என்று எழுதி, அச்சகத்தார் பயந்துபோய் அந்தப் பிரதிகளை அழித்துவிட்டு, எந்நேரமும் கவனமாக அணுகவும் என்று மாற்றி அச்சடித்தார்கள். கைட்டில் இப்போது ஏறக்குறைய 4,500 பப்கள், தெரிவு செய்வது முழுக்க அந்தந்த ஊர்த் தொண்டர்கள். அப்படி நாலு பேர் இங்கே தவறணைகளுக்குக் கிளம்பினால் நானும் வருகிறேன். பனங்கள்ளுக்குப் பருவம் இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டுத் தேதி போடாதீர்கள்.


கண்டிவீதி:

இடையில் ஒரு சின்னக் கதை. ரியல் ஏலுக்கும் இலங்கைக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சாமுவேல் பேக்கர் 1849இல் நுவரெலியாவில் மதுவடிப்பு தொடங்கியவர், பிறகு நைல் நதியின் மூலத்தைத் தேடிப் போய்ப் பெயர் எடுத்தாரே, அவரேதான். லயன் கம்பனி தன் கதையை அங்கிருந்துதான் சொல்லும். மலைநாட்டுப் பக்கம் லயன் ஸ்டவுட் என்ற கறுப்பு பியரைப் பீப்பாயில் இறக்கிக் கைப்பம்பில் இழுத்துக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. பியர் பற்றி எழுதியே உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லை, இவர் யோர்க்ஷயர்க்காரர், 2007இல் இறந்தார்) இங்கே வந்து குடித்துவிட்டு லயன் ஸ்டவுட்டை வெளிநாடுகளில் தூக்கி வைத்துப் பேசினார். இன்றைக்கு இங்கே பியகமையில் செய்கிற ஸ்டவுட் போத்தலிலும் கானிலும்தான், 8.8 வீதம். அதை நம்பி அங்கே ஒரு ஸ்டவுட்டைக் கேட்டால் 4 வீதத்தில் ஒன்று வரும், ஏமாற வேண்டாம். அங்கே குறைவான வீதம் என்பதுதான் விசேஷமே, ஒன்றரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டு இருக்கலாம், எழும்பும்போது கால் தடுமாறாது.


வெம்பிளியிலிருந்து_வந்தவன்:

ஈஸ்ட்ஹாம் என்றீர்களே, அப்படியானால் உங்கள் இலக்கு உங்கள் வாசலில் இருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் லைன் நிலக்கீழ் ரயில், வரைபடத்தில் பச்சைக் கோடு. அறுபது ஸ்டேஷன். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நடந்து போகிற தூரத்தில் ஒரு ரியல் ஏல் பப் என்று வையுங்கள். ஐம்பது, நூறு என்று வெறும் எண்ணை வைத்தால் மத்திய லண்டனில் ஒரே தெருவிலேயே எண்ணை நிரப்பிவிட்டு வந்துவிடுவீர்கள். ஒரு கோட்டைப் பிடித்தால் அப்மின்ஸ்டரிலிருந்து ரிச்மண்ட், விம்பிள்டன் வரை நகரத்தை ஊடறுத்துப் பார்த்ததாக இருக்கும், சும்மா ஒருநாளும் இறங்க மாட்டாத இடத்தில் எல்லாம் இறங்கவேண்டி வரும். சில ஸ்டேஷனில் ஒன்றுமே அகப்படாது, அதையும் அப்படியே எழுதுங்கள்.

தயவுசெய்து ஒரே நாளில் வேண்டாம். சர்க்கிள் லைனில் ஸ்டேஷனுக்கு ஒன்று என்று ஒரு நாளில் குடித்து முடிக்கிற பழைய விளையாட்டு ஒன்று உண்டு, அந்தக் காலத்தில் 27 ஸ்டேஷன். அதில் யாரும் பியரை ருசித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஈஸ்ட்ஹாமில் ஏறி எங்கும் மாறாமல் போகக்கூடிய சிலதைச் சொல்கிறேன். மொனுமென்டில் இறங்கி லண்டன் பிரிட்ஜால் நடந்து ஆற்றைக் கடந்தால் சதர்க்கில் ஜோர்ஜ் இன். 1677இல் திரும்பக் கட்டியது, குதிரை வண்டிகள் வந்து நின்ற முற்றமும் மேலே மரத்தாலான நடைமாடமும் இன்னும் இருக்கிறது, லண்டனில் அந்த வகையில் மிஞ்சியது இது ஒன்றுதான், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் ட்ரஸ்டின் சொத்து. அடுத்து பிளாக்ஃப்ரையர்ஸ், ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே எதிரில் ஆப்பு வடிவத்தில் ஒரு கட்டடம், த பிளாக்ஃப்ரையர். முன்னொரு காலம் துறவி மடம் இருந்த இடம் என்பதால் உள்ளே எங்கே பார்த்தாலும் குண்டுத் துறவிகள், செம்பிலும் சலவைக்கல்லிலும், மீன் பிடிக்கிறார்கள், பாட்டுப் பாடுகிறார்கள், தூங்குகிறார்கள். 60களில் இடித்துத் தள்ளப் பார்த்தார்கள், கவிஞர் ஜோன் பெட்ஜமன் போன்றவர்கள் சண்டை பிடித்துக் காப்பாற்றினார்கள். உட்கார இடம் கிடைத்தால் பின் அறையில் வளைவுக் கூரைக்குக் கீழே இருங்கள், கழுத்து வலிக்கும் வரை மேலே பார்ப்பீர்கள்.

எம்பாங்க்மென்டில் இறங்கினால் சேரிங் கிராஸுக்குப் பின்னால் த ஹார்ப். 2010க்கான காம்ராவின் தேசிய விருதை வாங்கிய பப், லண்டனில் அதை முதலில் வாங்கியது அதுதான். ஒடுங்கிய ஒரே ஒரு நீட்டு அறை, சனம் பிதுங்கும். முன்னாள்_நிலவறை சொன்ன மூன்று நாள் கணக்குக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மேற்கே போனால் ரேவன்ஸ்கோர்ட் பார்க்கில் இறங்கி ஆற்றங்கரைக்கு நடந்தால் த டவ், கின்னஸ் புத்தகத்தில் ஏறிய குட்டி பார் அறை அங்கே இருக்கிறது, நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே. கியூ கார்டன்ஸில் பப் ஸ்டேஷன் கட்டடத்திலேயே இருக்கிறது, டாப் ஆன் த லைன். ஈஸ்ட்ஹாமிலிருந்து அவ்வளவு தூரம் போவது ஒரு மணித்தியாலத்துக்கு மேல், தாவரத் தோட்டத்தையும் அதே நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு. மத்திய லண்டனில் ஒரு பைன்ட் ஐந்து, ஆறு பவுண்டுக்கு மேல் போகும். வெதர்ஸ்பூன் என்ற பப் சங்கிலியில் நல்ல மலிவு. சிலர் அதை பப் என்று கணக்கெடுக்க மாட்டோம் என்பார்கள், அது வெறும் பெருமை. பழைய சினிமாக் கொட்டகை, வங்கி எல்லாவற்றையும் வாங்கித் திருத்தி வைத்திருக்கிறார்கள், கடைக்குக் கடை தரைவிரிப்பின் கோலம்கூட வேறு. ஏலும் வேகமாக ஓடும்.


தெஹிவளை_அக்கா:

தம்பி, எல்லோரும் லண்டனையே சொல்கிறார்கள். நான் ஹடர்ஸ்ஃபீல்டில் படித்தவள். அங்கே ஸ்டேஷன் கட்டடத்தின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பப், ட்ரெயின் பிந்தினால் ஒருவரும் கோபிப்பதில்லை. அங்கிருந்து மான்செஸ்டர் போகிற வழியில் ஸ்டாலிபிரிட்ஜ் ஸ்டேஷனில் 1885ஆம் ஆண்டுக் காலத்து பஃபே பார், சலவைக்கல் கவுண்டர், கணப்பு, பிளாட்ஃபார்மிலேயே. பாட்லியிலிருந்து ஸ்டாலிபிரிட்ஜ் வரை ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்குகிற ஏல் பயணம் ஒன்று பிரபலம். ஆனால் சனிக்கிழமை போகாதீர்கள். கல்யாணத்துக்கு முதல் மாப்பிள்ளைத் தோழர்கள் கூட்டம் கூட்டமாக வேஷம் போட்டுக்கொண்டு வந்து அந்த ஊர்ச் சனத்துக்குப் பெரிய தலையிடி. வார நாளில் லீவு எடுத்துப் போங்கள்.

வடக்கே குடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். குழாயின் முனையில் சின்னச் சின்னத் துளை போட்ட ஒரு மூடியைத் திருகி வைத்திருப்பார்கள், ஸ்பார்க்ளர். அதனூடாக வருகிற ஏலுக்கு மேலே பாலாடை மாதிரி இறுகிய நுரை நிற்கும். லண்டனில் அது இல்லாமல் ஊற்றுவார்கள், நுரை மெல்லியதாகக் கிளாஸின் வாய் வரை. எது சரி என்று கேட்டால் அங்கே சண்டை வரும். நான் வடக்குக் கட்சி.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று இதை வாசிக்கிற யாராவது யோசித்தால், போகலாம். நான் ஒரு புத்தகத்தோடு எத்தனையோ பின்னேரம் இருந்திருக்கிறேன். இங்கே 2018 தையில் பெண்களுக்கு மது விற்கலாம் என்று அமைச்சர் வர்த்தமானி விட்டதும், சில நாளில் ஜனாதிபதி அதைத் திருப்பி வாங்கச் சொன்னதும் ஞாபகம் இருக்கும்தானே. அங்கே கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பீப்பாய்க்குச் சுத்தியல் போடுகிறவர்களிலும் பெண்கள் நிறையப் பேர்.

தம்பி, மேசையில் இருந்துகொண்டு கையைக் காட்டினால் யாரும் வர மாட்டார்கள். கவுண்டருக்குப் போய் நீங்களே வாங்கி, காசைக் கட்டிவிட்டு, நீங்களே தூக்கிக்கொண்டு வரவேண்டும். ஆபீஸ் ஆட்களோடு போனால் ஒவ்வொருவர் ஒவ்வொரு சுற்று வாங்குவது முறை. உங்கள் முறை வரும்போது கிளாஸைப் பார்த்துக்கொண்டு இருந்தால் ஆறு மாதமும் அதையே சொல்லிக் காட்டுவார்கள். பைட்ஸ் (குடிக்கும்போது கொறிப்பது) என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். டெவல் கோழி கிடையாது. பன்றித்தோல் பொரியல், வினாகிரியில் ஊறின முட்டை, சிப்ஸ் பைக்கற்.


காலிவீதிக்காற்று:

அம்மாடி, இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. பச்சைக் கோடு நல்ல யோசனை, அதையே பிடிக்கிறேன். அறுபதும் முடியாவிட்டால் முடிந்த வரை. ஈஸ்ட்ஹாமுக்கு அங்கால் அப்மின்ஸ்டர் பக்கத்தை வார நாளில் வேலை முடிந்து வரும்போது பார்த்துக்கொள்ளலாம், மேற்குப் பக்கம் சனி ஞாயிறு. வெள்ளியில் வீகன் அட்டை. வெதர்ஸ்பூனும் கணக்கில் சேரும், ஆனால் ஒரு ஸ்டேஷனில் வேறு நல்ல கடை இருந்தால் அதற்குத்தான் முதலிடம்.

அக்கா, ஹடர்ஸ்ஃபீல்ட் தனிப் பயணம், மச்சானையும் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறேன். பனையடி அண்ணை, திரும்பி வந்ததும் பருவம் பார்த்துத் தேதி சொல்லுங்கள், கொப்பியில் இடம் விட்டு வைக்கிறேன்.

மிச்சம் இரண்டு கேள்வி. முழு பைன்ட் வாங்காவிட்டால் கௌரவக் குறைவா? கொப்பியில் எதை எழுதுவது? எனக்குப் பியரை வர்ணிக்கிற சொல் ஒன்றும் தெரியாது, நல்லாயிருந்தது, நல்லாயில்லை, இரண்டுதான்.


சோடாமட்டும்:

அரை பைன்டில் என்ன கௌரவக் குறைவு. மூன்றில் ஒரு பைன்ட் கிளாஸ்கூடச் சில இடத்தில் உண்டு, சட்டப்படியான அளவுதான் அது. ஒரு பின்னேரம் இரண்டு ஸ்டேஷன், இரண்டு அரை பைன்ட், மொத்தம் ஒரு பைன்ட். மச்சானின் மனைவிக்கு முன்னால் நிமிர்ந்து நடந்து வீட்டுக்குள் போகலாம்.


முன்னாள்_நிலவறை:

வர்ணனை தேவையில்லை. காம்ரா தொண்டர்கள் புள்ளி போடுகிற முறை சுகமானது: 0 என்றால் குடிக்க ஏலாது, 1 மோசம், 2 பரவாயில்லை, 3 நல்லது, 4 மிக நல்லது, 5 அப்பழுக்கில்லாதது. உங்களுக்கு அந்த வகை பிடிக்குமா இல்லையா என்பது கணக்கில் இல்லை, கடைக்காரர் அதை எந்த நிலையில் தந்தார் என்பதற்குத்தான் புள்ளி. இதுதான் முக்கியம். கசப்பு பிடிக்காதவன்கூட ஒரு நல்ல பிட்டருக்கு 4 போடலாம். பியரின் பெயர், நாள், நேரம், எத்தனை பம்பு ஓடியது, எத்தனை பேர் இருந்தார்கள், புள்ளி. இவ்வளவும் எழுதினால் ஒரு மாதத்தில் சனத்துக்கும் புள்ளிக்கும் உள்ள தொடர்பு உங்கள் கொப்பியிலேயே தெரியும். வாசலில் காஸ்க் மார்க் தகடு இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள், பியரின் குளிரையும் ருசியையும் சோதித்துக் கொடுக்கிறது அது, உள்ளே சான்றிதழில் இருக்கிற கியூஆர் குறியை ஃபோனில் ஸ்கான் பண்ணிப் போன பப்களைச் சேர்த்துக்கொண்டும் போகலாம்.

எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், ஒரு மிடறு ஊற்றித் தருவார்கள், காசு இல்லை. தொடக்கத்துக்கு மைல்ட் என்ற ஏல் வகை கிடைத்தால் எடுங்கள், கசப்புக் குறைவு, வீதமும் 3 சொச்சம். கொஞ்சம் பழகிய பிறகு ஹார்வீஸ் பெஸ்ட், டிமதி டெய்லர் லாண்ட்லோர்ட் மாதிரி ஏல்கள்.

புளித்துப்போனது வந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். நம் ஆட்கள் காசைக் கட்டிவிட்டோமே என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடிப்பார்கள். கலங்கல் மட்டும் குற்றம் இல்லை, அப்படியே விற்பதும் உண்டு என்று மேலே சொன்னேன். வினாகிரி மணமும் கூர்மையான புளிப்பும் சேர்ந்து வந்தால்தான் குற்றம். கவுண்டருக்குக் கொண்டுபோய், இது முடியப்போகிற பீப்பாய் போலிருக்கிறது, ஒருக்கால் பாருங்கள் என்று அமைதியாகச் சொன்னால் போதும், நல்ல கடையில் மணந்து பார்த்துவிட்டு வேறு ஒன்று ஊற்றித் தருவார்கள். ஆனால் இரண்டு மிடறோடு கொண்டுபோக வேண்டும். பாதியைக் குடித்துவிட்டுப் போய்ச் சொன்னால் ஒருவரும் மாற்றித் தர மாட்டார்கள்.